விளையாட்டுக் கணிப்பொறி: பணம் எங்கே போக வேண்டும்?

அப்பா கட்டிவந்த சீட்டு முடிந்து வீட்டுக்கு ஒரு தொகை வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி உங்கள் கணிப்பொறிக்கு. பாடமும் படிக்கலாம், விளையாட்டும் ஆடலாம் என்று சொல்லி ஒருவாறு வீட்டாரைச் சம்மதிக்க வைத்துவிட்டீர்கள். அப்பாவுடன் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றைக் காட்டுகிறார். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மின்னுகின்றன. "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கார்டு. இந்த விலைக்கு ஐ7 வேறெங்கேயும் கிடைக்காது தம்பி" என்கிறார். அப்பா உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கடைக்காரர் சொன்னதில் பொய் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன மூன்று செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் விளையாட்டு எப்படி ஓடும் என்று யாராலும் கூற இயலாது. பணத்துக்குக் குறைவில்லாதவர் ஒவ்வோர் உறுப்பிலும் உயர்ந்ததைப் பார்த்து வாங்கிவிடுவார். அவருக்கு எதையும் தெரிந்துகொள்ளும் தேவை இல்லை. அளவான பணத்தோடு போகிறவருக்குத்தான் கணிப்பொறிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

விநாடிக்கு அறுபது படங்கள்

திரையில் ஒரு கார் விரைந்து ஓடுகிறது. உண்மையில் அங்கே எதுவும் ஓடவில்லை. திரைப்படத்தில் போலவே அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. நம் கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து ஓட்டமாக உணர்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு. திரைப்படத்தின் படங்கள் முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டிலோ நீங்கள் காரை இடப்புறம் திருப்பிய பிறகுதான் அடுத்த படம் எது என்பதே முடிவாகிறது. எனவே ஒவ்வொரு படத்தையும் அந்தந்தக் கணத்திலேயே புதிதாக வரைந்தாக வேண்டும்.

ஓட்டம் தடங்கலின்றித் தோன்ற விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்று கொள்வோம். ஒரு விநாடி என்பது 1000 மில்லிவிநாடி. அதை 60ஆல் வகுத்தால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திரையைப் பார்ப்போம். இன்று பரவலாக விற்கும் மானிட்டரில் அகலவாக்கில் 1920 புள்ளிகளும் உயரவாக்கில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு விநாடிதோறும் நிறம் தீர்மானிக்க வேண்டும். அந்தப் புள்ளியில் தெரிவது சுவரா, இலையா? அதன்மேல் எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் விழுகிறது? நிழல் உண்டா? இத்தனையும் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடப்படுகிறது.

இந்த வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்கின்றனர். முதலாமவர் பிராசசர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு அவன்மேல் பட்டதா, கார் சுவரில் மோதினால் எத்திசையில் தெறிக்கும் என்பன போன்றவற்றை முடிவு செய்து, எதை எங்கே வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பது இவர் பொறுப்பு. இக்கணக்குகளில் பல, ஒன்றின் விடை தெரிந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே இதற்குக் கூட்டம் உதவாது. கெட்டிக்காரர் சிலர் போதும். இரண்டாமவர் கிராபிக்ஸ் சில்லு. பட்டியலை வாங்கிப் புள்ளிகளுக்கு நிறம் பூசுவது இவர் வேலை. ஒரு புள்ளியின் நிறத்தைக் காண அடுத்த புள்ளியின் விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே இங்கே கூட்டம்தான் பலம். 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600 என்ற பிராசசரில் 6 கோர்கள் உள்ளன. 2021இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்ற நடுத்தர கிராபிக்ஸ் கார்டிலோ 1792 சிறு கணக்கிடும் அலகுகள்! ஆறு கணக்காசிரியர்களையும், வாய்ப்பாடு மட்டும் தெரிந்த 1792 மாணவர்களையும் கற்பனை செய்துகொண்டால் வேறுபாடு விளங்கும்.

பரோட்டாக் கடைக் கணக்கு

மாலை நேரத்தில் பரோட்டாக் கடையை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். ஒருவர் மாவை வீசிச் சுருட்டித் தட்டிக் கொடுக்கிறார். மற்றவர் கல்லில் போட்டு எடுக்கிறார். வீசுபவர் 8 விநாடிக்கு ஒன்று வீதம் தருகிறார். கல்லில் நிற்பவர் 20 விநாடிக்கு ஒன்று வீதம்தான் எடுக்க முடிகிறது. கடையிலிருந்து எத்தனை விநாடிக்கு ஒரு பரோட்டா வெளியே வரும்? இருபத்தெட்டு அன்று, இருவரும் ஒரே சமயத்தில் வேலை செய்கிறார்கள் அல்லவா? இருபதுதான். மணிக்கு 180 பரோட்டா. முதலாளி கூடுதல் சம்பளம் கொடுத்து 4 விநாடிக்கு ஒன்று வீசும் வித்தகரைக் கொண்டுவந்தால்? அதே 180. தட்டிய மாவு கல்லுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும், அவ்வளவே.

விநாடியை மில்லிவிநாடியாக மாற்றிக்கொண்டால் இதுவே விளையாட்டுக் கணிப்பொறியின் கணக்கு. பிராசசருக்குப் படத்துக்கு 8 மில்லிவிநாடியும் கிராபிக்ஸ் சில்லுக்கு 20 மில்லிவிநாடியும் ஆனால், 1000ஐ 20ஆல் வகுக்க, விநாடிக்கு 50 படங்கள். இருமடங்கு வேகமான பிராசசரை வாங்கினாலும் 50தான். அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டுக்குப் போட்டு 20ஐ 10 ஆக்கினால் 100 படங்கள். அத்துடன் நிற்காமல் இன்னும் விலையுயர்ந்த கார்டு வாங்கி 5 ஆக்கினால் 200 வருமா? வராது. இப்போது பிராசசரின் 8 மில்லிவிநாடி குறுக்கே நிற்கும்; 125க்கு மேல் ஏறாது.

இன்னும் ஒருவர் இருக்கிறார்: மானிட்டர். விநாடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றக்கூடிய மானிட்டரில் 125 படங்களை அனுப்பினால் பாதிக்கு மேல் முழுமையாகக் கண்ணுக்கே எட்டாது. ஆகையால் தேர்வை மானிட்டரிலிருந்து பின்னோக்கித் தொடங்குவதே முறை. 2560 × 1440 புள்ளிகள் கொண்ட திரை என்றால் 36,86,400 புள்ளிகள். வேலை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். 3840 × 2160 என்றால் சரியாக நான்கு மடங்கு. சிறிய பணத்துக்கு 1920 × 1080 திரையே ஏற்றது. வீட்டில் பழைய மானிட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு சோதனை

நண்பனிடமோ அண்ணனிடமோ கணிப்பொறி இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் வி-சிங்க் என்றிருப்பதை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையேல் மானிட்டரின் வேகத்திலேயே எண்ணிக்கை நின்றுவிடும். பிறகு விநாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது திரையளவை 1920 × 1080இலிருந்து 1280 × 720க்குக் குறையுங்கள். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும், பாதிக்கும் குறைவு. நிறம் பூசுகிறவரின் சுமை இறங்கிவிட்டது. பட்டியல் எழுதுகிறவரின் சுமையில் மாற்றம் ஏதும் இல்லை.

படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் அந்தக் கணிப்பொறியில் மற்றவரைக் காக்க வைப்பது கிராபிக்ஸ் சில்லு. அசையாமல் நின்றால் பிராசசர். பழைய கணிப்பொறியைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிடச் சோதனை ஆயிரக்கணக்கில் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஒரே விளையாட்டை மட்டும் சோதித்து முடிவு கட்டிவிடாதீர்கள். நகரம் கட்டும் விளையாட்டு, நூறு பேர் ஒரே களத்தில் மோதும் விளையாட்டு ஆகியவை பெரும்பாலும் பிராசசரைப் பிழியும். காடும் மழையும் ஒளியுமாகக் கண்ணைப் பறிக்கும் விளையாட்டுகள் கிராபிக்ஸ் சில்லைப் பிழியும்.

கடைக்காரரின் மூன்று செய்திகள்

இனி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். "ஐ7" என்றாரே, எந்த ஐ7? 2011இல் வந்த ஐ7-2600உம் ஐ7தான். அதில் 4 கோர்கள். ஒரே சமயத்தில் 8 பணித்தொடர்களைக் கவனிக்கும். அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். 2022இல் வந்த ஐ3-12100 என்பதிலும் 4 கோர்கள், 8 பணித்தொடர்கள், அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். விளையாடிப் பார்த்தால் ஐ3 வெகுதூரம் முன்னே ஓடிவிடும். காரணம் என்ன?

கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை கோடித் துடிப்புகள் என்று மட்டும் சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்று சொல்வதில்லை. சைக்கிளில் இருவர் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் மிதித்தாலும், ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும் சைக்கிள் முந்திவிடும் அல்லவா? பதினோரு ஆண்டுகளில் பிராசசரின் உள்ளமைப்பு அவ்வாறு முன்னேறியிருக்கிறது. துடிப்பின் உச்ச வேகமும் 3.8இலிருந்து 4.3 கிகாஹெர்ட்ஸாக உயர்ந்தது. பெயருக்கு முன்னால் உள்ள 7ஐ விட, பின்னால் உள்ள எண்ணே முக்கியம். மற்றொன்று: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் அந்தப் பழைய ஐ7 இல்லை. ஆகவே அது பாடத்துக்கும் நெடுநாள் துணை வராது.

அடுத்து "4 ஜிபி கார்டு". இது நினைவகத்தின் கொள்ளளவு. அதைவிடப் பெரிய செய்தி, அந்த நினைவகத்திலிருந்து எவ்வளவு வேகமாக அள்ளலாம் என்பது. தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்கிறோம். குழாயின் விட்டத்தைக் கேட்பதில்லை. ஜிடி 1030 என்ற சிறு கார்டு ஒரே பெயரில் இரண்டு வகையாக விற்கப்பட்டது. 2017இல் வந்ததில் நினைவக வேகம் விநாடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த ஆண்டு வேறு வகை நினைவகத்துடன் வந்ததில் சுமார் 17 ஜிகாபைட். கொள்ளளவு இரண்டிலும் 2 ஜிகாபைட்டே. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த பெயரும் ஒன்றே. சிறிய எழுத்தைப் படித்தவர்கள் தப்பினார்கள்.

கொள்ளளவும் தேவைதான். இலை, சுவர், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் கார்டின் நினைவகத்தில் தங்கியிருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் அவற்றை மதர்போர்டின் ராமிலிருந்து அவ்வப்போது இழுத்துவர நேரும். ஆர்எக்ஸ் 6600 தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 224 ஜிகாபைட் அள்ளும். மதர்போர்டுடன் அதை இணைக்கும் பாதையிலோ ஒரு திசையில் ஏறத்தாழ 16 ஜிகாபைட்தான் போகும். பதினான்கில் ஒரு பங்கு! நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு திருப்பத்தில் திடீரென்று திக்கித் திணறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இன்றைய புதிய விளையாட்டுகளுக்கு 8 ஜிகாபைட் உள்ள கார்டு வேண்டும் என்பது என் கருத்து. பழைய விளையாட்டுகளே போதும் என்பவருக்கு 4 ஜிகாபைட் தாங்கும்.

மூன்றாவது, "16 ஜிபி ராம்". அளவு சரி. அது ஒரே பட்டையா, 8 ஜிபி பட்டைகள் இரண்டா என்று கேளுங்கள். டிடிஆர்4-3200 வகையில் ஒரு பட்டை விநாடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். இரண்டு பட்டைகளை உரிய பொருத்துவாய்களில் செருகினால் இரு வாய்க்கால்களும் திறந்து 51.2 ஜிகாபைட் கிடைக்கும்.

இப்போதைக்குக் கார்டு வாங்கவே பணம் இல்லாதவர்களுக்கு இந்த இரட்டை வாய்க்கால்தான் உயிர். ரைசன் 5 5600ஜி போன்ற சில பிராசசர்களுக்குள்ளேயே ஒரு சிறு கிராபிக்ஸ் பகுதி உண்டு. அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. பிராசசருடன் ராமைப் பங்கிட்டுக்கொள்கிறது. ஒரே பட்டை போட்டால் இருவரும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்பார்கள். கை மிகவும் இறுக்கமாக இருப்பவருக்கு நான் சொல்லும் வழி இதுவே: இத்தகைய பிராசசர், ராம் இரண்டு பட்டை, பின்னாளில் ஒரு கார்டைத் தாங்கக்கூடிய நல்ல எஸ்எம்பிஎஸ். இதில் எளிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருக்கலாம். ஓராண்டு கழித்துப் பணம் சேர்ந்ததும் கார்டைச் செருகினால் முன்பு வாங்கியவற்றுள் எதுவும் வீணாகாது. மட்டமான கார்டை இன்றைக்கே வாங்கிவிடுவதைவிட இது மேல். இன்டெல் பிராசசரின் பெயர் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் ஒன்றும் தெரியாது.

வட்டும் சில்லும்

"எஸ்எஸ்டி போட்டால் விளையாட்டு வேகமாக ஓடும்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. விளையாட்டு வேகமாகத் தொடங்கும்; படங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய இடம் தலைமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலைமுனை நகரும் நேரம் வேறு. எஸ்எஸ்டியில் சுழலும் வட்டே இல்லை. எனவே ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது பெரிய பாய்ச்சல். ஆனால் சாதாரண எஸ்எஸ்டியிலிருந்து அதைவிடப் பல மடங்கு விரைவான எஸ்எஸ்டிக்கு மாறுவது அவ்வளவு பயன் தராது. ஒரு விளையாட்டு தொடங்க 60 விநாடி ஆகிறதென்று கொள்வோம். வட்டிலிருந்து படிக்க 40, படித்ததை விரித்துச் சரிசெய்யப் பிராசசருக்கு 20. படிப்பதைப் பத்து மடங்கு விரைவாக்கினால் 4 + 20 = 24 விநாடி. அதையும் ஐந்து மடங்கு விரைவாக்கினால் 0.8 + 20 = 20.8 விநாடி. முதல் செலவில் 36 விநாடி மிச்சம். இரண்டாவது செலவில் மூன்று விநாடி. ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும் மற்றப் பகுதியின் நேரத்துக்குக் கீழே இறங்க முடியாது என்னும் இந்த வரம்பை 1967இல் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் எடுத்துக்காட்டினார். அவர் பேசியது பல பிராசசர்களைச் சேர்த்து வேலை வாங்குவதைப் பற்றி. ஆனால் அவருடைய விதி நம் சந்தைக் கணக்குக்கும் பொருந்துகிறது.

மதர்போர்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது வேகத்தைக் கூட்டுவதில்லை. பொருந்துகிறதா என்பதே கேள்வி. பிராசசரின் சாக்கெட் ஒத்துவர வேண்டும். டிடிஆர்4 பட்டை டிடிஆர்5 பொருத்துவாயில் நுழையாது. பழைய ஏஎம்4 போர்டில் 5600ஐப் போடுவதானால் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கடையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். 2022இல் ஏஎம்5 சாக்கெட் வந்த பின் ஏஎம்4 பழைய பாதை ஆகிவிட்டது என்பது உண்மையே. கையில் உள்ள பணத்துக்கு இன்றைக்கு நன்றாக ஓடினால் போதும் என்பவர் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கண்ணில் படாத உறுப்பு

பணம் குறையும்போது எல்லாரும் கை வைக்கும் இடம் எஸ்எம்பிஎஸ். பெட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பதால் இதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தருவது இதுதான். மற்ற எல்லா உறுப்புகளும் இதன் கையிலிருந்துதான் உண்கின்றன. இது கெட்டால் தனியாகக் கெடுவதில்லை. இதை எழுதுபவனும் ஒருமுறை கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி, ஒரு கோடை இரவில் கருகிய வாடையோடு மதர்போர்டையும் சேர்த்து இழந்தவன்தான். மிச்சம் பிடித்த தொகையைப்போல் நான்கு மடங்கு செலவாயிற்று.

மேலே "450 வாட்" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். இன்றைய பிராசசரும் கார்டும் மின்சக்தியை முக்கியமாக இங்கிருந்துதான் எடுக்கின்றன. அதில் 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட்தான். 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். இரண்டு பெட்டியின் மேலும் 450 என்றே இருக்கலாம்!

நமக்கு எவ்வளவு தேவை? 65 வாட் என்று குறிக்கப்பட்ட ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை எடுக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132. மற்றவற்றுக்குத் தாராளமாக 40 வைத்தால் மொத்தம் 250 வாட்டை ஒட்டி வருகிறது. கார்டு சில மில்லிவிநாடிகளுக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும். அதையும் எண்ணி, 450 முதல் 550 வாட் வரை உண்மையாகவே தரவல்ல எஸ்எம்பிஎஸ்ஸாகப் பாருங்கள். 80 ப்ளஸ் என்ற முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் பயனாக மாற்றுகிறது என்பதைக் குறிக்கும். 80 விழுக்காட்டில் 250 வாட் வேண்டுமென்றால் சுவரிலிருந்து 312 வாட் எடுக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் ஏறத்தாழ 37 யூனிட் ஏறும். வீட்டாரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கணிப்பொறியின் கேபினெட்டைத் தொட்டபோது விரலில் சுருக்கென்று ஓர் அதிர்ச்சியை உணர்ந்திருக்கிறீர்களா? எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின்இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள், இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். பெட்டிக்கு எர்த் இணைப்பு இருந்தால் அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டின் பாதியில், சுமார் 115 வோல்ட்டில், நின்றுகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனாலும் வீட்டில் எர்த் சரியில்லை என்று அது சொல்லும் எச்சரிக்கை இது. புதுக் கணிப்பொறி வருவதற்கு முன் எலக்ட்ரீசியனை அழைத்து அந்த மூன்று முனை பிளக் பாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். விசிறி சில்லைக் குளிர்விப்பதில்லை; சில்லின் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துகிறது. சில்லு அறையைவிட 50 பாகை சூடாக இயங்குமானால், 22 பாகை உள்ள குளிர்சாதன அறையில் அது 72 பாகையில் இருக்கும்; நம் மே மாதத்து 38 பாகை அறையில் 88. வெளிநாட்டுச் சோதனைக்கூடங்களின் அளவீடுகளைப் படிக்கும்போது இந்த 16 பாகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடி விளக்குகள் வைத்த கேபினெட்டைவிட, முகப்பில் வலையும் இரண்டு விசிறிகளும் உள்ளது நம் ஊருக்குப் பொருத்தம்.

நூறு ரூபாய்க் கணக்கு

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் பட்டியல் தருவது பயனற்றது. 2021இல் சில்லுத் தட்டுப்பாட்டாலும் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் வாங்கிக் குவித்ததாலும் கார்டுகளின் விலை எங்கோ போயிற்று. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் அந்த முறையைக் கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. 2025இன் இறுதியிலோ செயற்கை அறிவு மையங்களின் தேவையால் ராமின் விலை ஏறிற்று. ஆகவே பங்கு வீதமாகச் சொல்கிறேன். மானிட்டர் நீங்கலாக நூறு ரூபாய் இருந்தால், கார்டுக்கு 37 ரூபாயும் பிராசசருக்கு 17 ரூபாயும் ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் சேர்த்து 20 ரூபாயும் மதர்போர்டுக்கு 12 ரூபாயும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 9 ரூபாயும் கேபினெட்டுக்கு 5 ரூபாயுமாகத் தொடங்கலாம். ராம் விலை ஏறிய மாதத்தில் கார்டிலிருந்து ஓரிரு ரூபாய் நகரும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மட்டும் நகர்த்தாதீர்கள்.

செகண்ட் ஹாண்ட் கார்டு வாங்கலாமா? அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்க விற்பவர் இசைந்தால், திரையில் கோடுகளோ புள்ளிகளோ தோன்றாவிட்டால், விசிறி ஒழுங்காகச் சுழன்றால், வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் பழைய ஹார்ட் டிஸ்கையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். புதியவற்றுக்கு ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும்; வாரண்டி கேட்கும்போது உதவும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வேலைகள் உண்டு. 3200 என்று விற்கப்பட்ட ராம், பயாஸில் எக்ஸ்எம்பி என்பதைத் தேர்ந்தெடுக்கும் வரை பெரும்பாலும் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 144 முறை புதுப்பிக்கும் மானிட்டரும் விண்டோஸில் நாம் மாற்றும் வரை பல சமயம் 60இலேயே நிற்கும். மூன்றாவதுதான் வேடிக்கை. மானிட்டரின் கேபிளைச் செருகக் கேபினெட்டின் பின்புறம் இரண்டு இடங்கள் இருக்கும்: மதர்போர்டில் ஒன்று, அதற்குக் கீழே கார்டில் ஒன்று. கைக்கு முதலில் எட்டுவது மதர்போர்டில் உள்ளது. பிராசசருக்குள் கிராபிக்ஸ் பகுதி இல்லையென்றால் திரை இருண்டே கிடக்கும். கணிப்பொறி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவோம். கிராபிக்ஸ் பகுதி இருந்தாலோ படம் வந்துவிடும், ஆனால் நூற்றில் 37 ரூபாய் கொடுத்து வாங்கிய கார்டு வேலையின்றி உட்கார்ந்திருக்கும். கேபிள் கீழே உள்ள கார்டில்தான் செருகப்பட வேண்டும்.